சுவடியின் கடைசி ஏடு
பேராசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷின் பணியும் அவர் விட்டுச்சென்ற தாள்களும்

பழைய சமணச் சுவடிகளில் நூல் முடிந்த பின்னும் சில வரிகள் எழுதப்பட்டிருப்பதுண்டு. இன்ன ஊரில், இன்ன ஆண்டில், இன்ன முனிவரின் உபதேசத்தால், இன்ன குடும்பத்தார் பொருள் கொடுக்க, இன்னார் எழுதினார் என்பது அவ்வரிகளின் செய்தி. பிரசஸ்தி என வழங்கும் அப்பகுதியில் நூலின் தத்துவம் ஏதும் இராது. எனினும் அச்சுவடி எந்தக் காலத்தது, யாருடைய சாஸ்திர தானம் என்பவற்றை அறிய அந்தக் கடைசி ஏட்டை விட்டால் பெரும்பாலும் வேறு சான்று கிடையாது.

குஜராத், ராஜஸ்தான் பகுதிகளின் ஞான பண்டாரங்களிலிருந்து வெளியேறிய ஓவியச் சுவடிகள் பலவற்றுக்கு நேர்ந்த கதி யாவரும் அறிந்ததே. படமுள்ள ஏடுகள் தனித்தனியே பிரிக்கப்பட்டு விலை பேசப்பட்டன. திரிசலை தேவி கண்ட கனவுகள் ஒரு நாட்டுக்கும், பகவான் மகாவீரரின் ஜன்மாபிஷேகம் வேறொரு நாட்டுக்கும் சென்றன. பிரசஸ்தி உள்ள ஏட்டில் படம் இல்லையென்றால் அதை வாங்குவாரும் இல்லை. இன்று ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கும் ஏடுகள் பலவற்றின் கீழே “மேற்கு இந்தியா, 15ஆம் நூற்றாண்டு” என்ற அளவிலேயே குறிப்பு நின்றுவிடுகிறது. தானம் செய்தவர் பெயரும் ஊரும் போயின.

ஒரு கலைவரலாற்றுப் பேராசிரியரின் வாழ்வை ஆராயப் புகும்போது இச்செய்தியை மனத்தில் கொள்வது நன்று. அவர் எழுதிய நூல்கள் ஓவியமுள்ள ஏடுகளைப் போன்றவை, எங்கும் மதிக்கப்படும். அவர் விட்டுச்செல்லும் கடிதங்களும் குறிப்புகளும் நிழற்படங்களுமோ கடைசி ஏட்டைப் போன்றவை. இந்தியக் கலையைப் பற்றி 20ஆம் நூற்றாண்டில் எழுதியோருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படும் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையாரின் தாள்கள் அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்தில் பேணப்பட்டு வருகின்றன.

அம்மையார் 1896ஆம் ஆண்டு மே 29 அன்று, அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பகுதியாயிருந்த மொராவியாவில், நிக்கோல்ஸ்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று செக் குடியரசில் மிக்குலோவ் என்னும் பெயருடன் உள்ளது. இளமையிலேயே நடனம் பயின்றவர். பகவத்கீதையின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒன்று கைக்குக் கிடைத்ததே அவர் நாட்டம் இந்தியாவின் பக்கம் திரும்பக் காரணமாயிற்று. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஸ்ட்ரிகோவ்ஸ்கி முதலிய ஆசிரியர்களிடம் கலைவரலாறு கற்று, தொடக்ககாலப் பௌத்தச் சிற்பங்களைப் பற்றிய ஆய்வேட்டுக்காக 1919இல் முனைவர் பட்டம் பெற்றார். இந்திய மண்ணை மிதிக்காமலேயே எழுதிய ஆய்வேடு அது.

அடுத்து இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டில் உரையாற்றியபோது இரவீந்திரநாத் தாகூரைச் சந்தித்தார். கவியரசரின் அழைப்பே அவரைச் சாந்திநிகேதனுக்குக் கொண்டுவந்தது. அங்குச் சிறிது காலம் கற்பித்தபின், சர் அசுதோஷ் முகர்ஜி வளர்த்தெடுத்த கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்தியக் கலை கற்பிக்கும் பொறுப்பை ஏற்று 1950 வரை அங்கேயே இருந்தார். ஆண்களே நிறைந்திருந்த ஒரு துறையில் அயல்நாட்டுப் பெண்ணொருவர் கால் நூற்றாண்டுக்கு மேல் தம் இடத்தைக் காத்துக்கொண்டது எளிய செயலன்று.

வந்த சில மாதங்களிலேயே அவர் செய்த ஒரு காரியம் இன்றும் வியப்பளிக்கிறது. ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த கிளே, காண்டின்ஸ்கி, இட்டன் முதலியோரின் ஓவியங்களை வரவழைத்து, 1922 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியக் கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் வங்க ஓவியர்களின் படைப்புகளோடு வைக்கச் செய்தார். ஐரோப்பியக் கண்ணுக்கு இந்தியாவை விளக்குவது மட்டுமே தம் வேலையென அவர் கருதவில்லை போலும்.

அக்காலத்தில் இந்தியக் கலையைப் பற்றி எழுதிய மேனாட்டார் பெரும்பாலும் கிரேக்கச் சிற்பத்தை அளவுகோலாகக் கொண்டு அளந்தனர். உடலின் தசைநார் தெரிந்தால் உயர்வு, தெரியாவிட்டால் தாழ்வு. காயோத்சர்க்க நிலையில் நிற்கும் ஜினபிம்பத்தைக் கண்டு, அசைவும் இல்லை, தசையும் இல்லை, எல்லாம் ஒன்றுபோல் உள்ளன என்று எழுதி முடித்தவரும் உண்டு. கிராம்ரிஷ் அம்மையார் வேறு வழி சென்றார். இந்நாட்டுச் சிற்பியும் ஓவியனும் எந்த நூல்களைக் கற்றுத் தொழில் செய்தனரோ அந்நூல்களைத் தாமும் கற்க முற்பட்டார். விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்திலுள்ள ஓவிய இலக்கணத்தை வடமொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1924இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் வழியே வெளியிட்டார். படிமம் செய்யக் கற்க வேண்டும் என்று முனிவரிடம் கேட்கும் அரசனுக்கு, முதலில் ஓவியம் அறிய வேண்டும், ஓவியம் அறிய நடனம் அறிய வேண்டும், நடனத்துக்கு இசை வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லப்படும் உரையாடல் அந்நூலில் வருகிறது. நடனம் பயின்ற அம்மையாருக்கு அப்பகுதி எவ்வளவு உவப்பாயிருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

1933இல் “இந்தியச் சிற்பம்” என்னும் நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் தொடங்கிய இந்தியக் கீழைக்கலைச் சங்கத்தின் ஆய்விதழை அவனீந்திரநாத் தாகூருடன் சேர்ந்து நடத்தினார். வங்கப் பெண்கள் பழஞ்சேலைத் துணியில் தைக்கும் காந்தா விரிப்புகளைப் பற்றி 1939இல் அவ்விதழில் அவரே எழுதிய கட்டுரை, வீட்டுப் பெண்களின் கைவேலையைக் கலைவரலாற்றுக்குள் கொண்டுவந்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று.

சமணக் கலையோடு அவருக்கு ஏற்பட்ட முதன்மையான தொடர்பு எல்லோராவில் நிகழ்ந்தது எனலாம். ஹைதராபாத் நிஜாம் அரசின் தொல்பொருள் துறைக்காக அவர் எழுதிய “தக்காண ஓவிய ஆய்வு” 1937இல் லண்டனில் அச்சாயிற்று. அஜந்தாவில் தொடங்கி எல்லோராவைக் கடந்து பிற்காலம் வரை செல்லும் நூல் அது. எல்லோராவின் சமணக் குகைகள் திகம்பர மரபைச் சார்ந்தவை. அவற்றுள் 32ஆம் குகை “இந்திர சபை” எனப்படுகிறது. யானைமேல் வீற்றிருக்கும் இயக்கனை இந்திரனென்று பிழையாகக் கருதியதால் வந்த பெயர் இது. பிழையென்று தெரிந்தபின்னும் பெயர் மாறவில்லை. அக்குகையின் விதானங்களில் இன்றும் வண்ண ஓவியங்கள் எஞ்சியுள்ளன. அஜந்தாவின் கோடு வளைந்து மென்மையாக உருண்டு செல்லும். எல்லோராவிலோ கோடு கூர்மையடைகிறது, மூக்கு நீள்கிறது, வண்ணம் தட்டையாகிறது, முக்கால் பக்கம் திரும்பிய முகத்தில் அப்பாலுள்ள கண் முகவிளிம்பைத் தாண்டத் தொடங்குகிறது.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் கல்பசூத்திரச் சுவடிகளில் முழு வடிவில் காணப்படுவதும் அந்தக் கண்ணே. மறைந்திருக்க வேண்டிய இரண்டாம் கண் முகத்துக்கு வெளியே துருத்தி நிற்கும் அவ்வோவிய முறையைக் கண்டு, அஜந்தாவின் வீழ்ச்சி என்று முகம் சுளித்தவர்கள் அக்காலத்தில் பலர். சுவேதாம்பரத் திருவுருவங்களில் தனியே பதிக்கப்படும் கண்களைப் பார்த்தே ஓவியர்கள் அவ்வாறு எழுதினர் என்று விளக்கம் சொன்னோரும் உண்டு. பதித்த கண்கள் இல்லாத திகம்பர மரபின் எல்லோராவிலும், அருகிலுள்ள சைவக் கோயிலான கைலாசநாதரிலும் அதே போக்கு தொடங்கியிருப்பதை நோக்க, அவ்விளக்கம் போதுமானதாகத் தோன்றவில்லை. இம்மாற்றத்தை வீழ்ச்சியாகக் கொள்ளாமல், தனக்கென நெறியுடைய ஓர் இடைக்காலப் பாணியின் பிறப்பாகக் கண்டதே கிராம்ரிஷ் அம்மையார் செய்த உதவி. சமண ஓவியர் அஜந்தாவை வரையத் தெரியாமல் தடுமாறியவர் அல்லர். வேறொன்றை வரைய விரும்பியவர் என்ற எண்ணத்துக்கு அது இடம் தந்தது.

இத்துறையில் அவருக்கு முன்னோடிகளாக நின்ற இருவரைச் சொல்லாமல் விடலாகாது. ஒருவர், ஈழத் தமிழரான சர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி. பாஸ்டன் அருங்காட்சியகத்திலுள்ள சமண ஓவியங்களுக்கும் சுவடிகளுக்கும் தனித் தொகுதியாகவே விவரப்பட்டியல் எழுதி 1924இல் வெளியிட்டவர் அவர். மற்றொருவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து வடமொழிப் பேராசிரியர் நார்மன் பிரவுன். காலகாச்சாரியர் கதையைப் பற்றி 1933இலும், கல்பசூத்திர ஓவியங்களைப் பற்றி 1934இலும் நூல்கள் எழுதியவர். பின்னாளில் அம்மையாரின் வாழ்க்கை திசைமாறக் காரணமானவரும் இவரே.

அதற்குமுன் அவருடைய புகழ்பெற்ற நூல் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1946இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் இரு தொகுதிகளாக வெளியிட்ட “இந்துக் கோயில்” அது. ரேமண்ட் பர்னியர் எடுத்த நிழற்படங்கள் 80 தகடுகளாக அதில் உள்ளன. வாஸ்து மண்டலம் வகுத்து, கருவறை அமைத்து, சிகரம் எழுப்பும் ஒவ்வொரு செயலுக்கும் நூல்கள் சொல்லும் உட்பொருளை அவர் அதில் விரித்துரைத்தார். கோயில் என்பது கல்லடுக்கு மட்டுமன்று, கருத்தின் உருவம் என்பதை உலகம் ஏற்கச் செய்த பெருமை அந்நூலுக்கு உண்டு. ஆயினும் ஒரு குறை. அதே சிற்பியர் குடும்பங்கள், அதே சிற்ப நூல்கள், அதே நாகர, திராவிட அமைப்புகள் ஜினாலயங்களையும் எழுப்பின. கஜுராஹோவின் பார்சுவநாதர் ஆலயமும் அங்குள்ள சிவாலயங்களும் ஒரே கைவினை மரபின் பேறுகள். நூற்பெயரிலுள்ள ஒரு சொல் அந்தப் பொது உரிமையை மறைத்துவிடுகிறது. உபநிடத மொழியிலேயே அனைத்தையும் விளக்க முனையும் அவரது நடையும், ஆண்டும் கல்வெட்டும் தேடும் வரலாற்றாசிரியர்க்கு மனக்குறை தந்ததுண்டு. சமவசரணம் என்ற கருத்தைக் கொண்டு ஜினாலயத்தை அதே ஆழத்தில் விளக்கியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

1950 அவருக்குத் துயர ஆண்டு. 1929இல் அவரை மணந்த லாஸ்லோ நெமெனி கராச்சியில் அகால மரணமடைந்தார். அவ்வாண்டே நார்மன் பிரவுனின் அழைப்பை ஏற்று அம்மையார் பிலடெல்பியா சென்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கலானார். 1954இல் அந்நகரக் கலை அருங்காட்சியகத்தின் இந்தியக் கலைப் பிரிவுக்குக் காப்பாளரானார். 1964 முதல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நுண்கலைக் கழகத்திலும் பேராசிரியராக இருந்தார். 80 வயதைக் கடந்தும் வகுப்பெடுத்தவர் அவர்.

அந்த அருங்காட்சியகத்தில் தமிழகத்துக் கற்கள் அவருக்குமுன்பே இடம்பெற்றிருந்தன. மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த 60க்கும் மேற்பட்ட கருங்கற் பகுதிகளை 1912இல் அங்குச் சென்ற அடலின் பெப்பர் கிப்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி விலைக்கு வாங்கினார். அவர் மறைந்தபின் 1919இல் குடும்பத்தார் அவற்றை அருங்காட்சியகத்துக்கு அளித்தனர். நாயக்கர் காலத்துத் தூண்கள் மண்டபமாக அங்கு நிறுத்தப்பட்டுள்ளன. அவற்றைப் பற்றி 1940இல் நூல் எழுதியவரும் நார்மன் பிரவுனே. எந்தக் கோயில், யார் வாங்கினார், எந்த ஆண்டு என்பவை தாளில் இருந்தமையால்தான் அக்கற்கள் இன்றும் மதுரைக் கற்களாக இருக்கின்றன.

அம்மையார் அறிஞர் மட்டும் அல்லர், சேகரிப்பாளரும் ஆவார். கல்கத்தா நாட்களில் அவர் சேர்த்த சிற்பங்கள் பலவற்றை 1956இல் அருங்காட்சியகம் விலைகொடுத்து வாங்கியது. எஞ்சியவற்றுள் பல அவருடைய மறைவுக்குப்பின் விருப்ப ஆவணத்தின்படி அங்கேயே சேர்ந்தன. இந்நாட்டுப் பொருள்கள் இவ்வாறு கடல் கடந்ததை இன்று காணும் கண் வேறு. திருவுருவங்கள் களவுபோன ஊர்களின் மக்கள் இதை மனவருத்தமின்றிப் படிக்க இயலாது. இக்காரணத்தினாலேயே அவருடைய தாள்கள் முக்கியம் பெறுகின்றன. ஒரு சிற்பம் எவ்வாறு, எப்போது, யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் கடிதங்களும் குறிப்புகளுமே. புகழுரையும் குற்றச்சாட்டும் அந்தப் பெட்டிகளைத் திறந்த பின்னரே நிலைபெறும்.

1968இல் “அறியப்படாத இந்தியா” என்னும் கண்காட்சியில் பழங்குடியினர், சிற்றூரார் கலைகளை முன்வைத்தார். 1981இல் நடந்த சிவ வடிவங்கள் பற்றிய பெருங்கண்காட்சியும், அதே ஆண்டில் வெளியான நூலும் அவருக்கு மேலும் புகழ் தந்தன. 1982இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. சிதறிக் கிடந்த அவருடைய கட்டுரைகளைப் பார்பரா ஸ்டோலர் மில்லர் 1983இல் ஒரு தொகுதியாக்கினார்.

இவற்றுக்கிடையே சமணர்க்கு நெருக்கமான ஒரு கட்டுரை பலர் கண்ணில் படாமலே போயிற்று. பகவான் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டு நாடெங்கும் கொண்டாடப்பட்டபோது, குஜராத்தில் யு. பி. ஷா, எம். ஏ. தாக்கி ஆகிய இருவரும் சமணக் கலை, கட்டடக்கலை பற்றிய கட்டுரைத் தொகுதி ஒன்றைப் பதிப்பித்தனர். 1975இல் வெளிவந்த அத்தொகுதியில் மேற்கிந்தியச் சமண ஓவியத்தைப் பற்றிக் கிராம்ரிஷ் அம்மையார் எழுதினார். எல்லோராக் குகையின் விதானத்தை அண்ணாந்து பார்த்து எழுதிய நூல் வெளிவந்து ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பின், 80 வயதை நெருங்கிய நிலையில், அதே கண்ணுக்கும் அதே கோட்டுக்கும் திரும்பினார். அவ்வோவிய முறைக்கு எப்பெயர் வழங்குவது என்பதில் அறிஞரிடையே நெடுநாள் வழக்கு உண்டு. சமணம் சாராத வசந்தவிலாசம் போன்ற சுவடிகளும் அதே முறையில் வரையப்பட்டிருப்பதால், சமண ஓவியம் என்னும் பெயரைத் தவிர்த்து மேற்கிந்திய ஓவியம் என்றே பலர் எழுதலாயினர். அம்மையாரின் கட்டுரைத் தலைப்பில் இரண்டும் உள்ளன: சமணம் என்ற சொல்லும் இடப்பெயரும். “இந்துக் கோயில்” எழுதிய கையே இதையும் எழுதிற்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தென்னகத்தில் ஓவியச் சுவடி மரபு இல்லையென எண்ணிவிடலாகாது. மூடபித்ரியில் காக்கப்பட்டு வந்த தவளா சுவடிகளில் 12ஆம் நூற்றாண்டு வண்ண ஓவியங்கள் உள்ளன. சுருதபஞ்சமி அன்று நினைக்கப்படும் ஷட்கண்டாகமத்தின் உரைநூலே அது. அச்சுவடிகள் கட்டுக் குலையாமல் ஓரிடத்திலேயே இருந்தமையால் அவற்றின் காலமும் வரலாறும் குலையவில்லை. காஞ்சிக்கு அருகே திருப்பருத்திக்குன்றத்து சங்கீத மண்டபத்தின் விதான ஓவியங்களோ சுண்ணத்தில் எழுதியவை. மழைக்கும் காலத்துக்கும் ஆட்பட்டவை. சென்னை அருங்காட்சியகத்துக்காக டி. என். இராமச்சந்திரன் அவற்றைக் காட்சி காட்சியாக விவரித்து 1934இல் நூலாக்கினார். விதானத்தில் மங்கிப்போன காட்சிகளை இன்று அந்நூலைக் கொண்டே அடையாளம் காண வேண்டியுள்ளது.

கிராம்ரிஷ் அம்மையார் 1993 ஆகஸ்டு 31 அன்று, 97ஆம் வயதில், பிலடெல்பியாவில் காலமானார். அவர் எழுதி எழுதித் திருத்திய கையெழுத்துப்படிகளும், வந்த கடிதங்களும், பாடக் குறிப்புகளும், நிழற்படங்களும் அவர் பணியாற்றிய அருங்காட்சியகத்தின் காப்பகத்திலேயே, வரிசைப்படுத்தப்பட்டு, ஆய்வாளர் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் நிலையில் உள்ளன. மதுரைத் தூண்கள் நிற்பதும் அதே அருங்காட்சியகத்தில்தான்.